சேலத்துச் சங்கமும் அதன் இரண்டு குறிப்பேடுகளும்

கேள்வி: ஆத்தூர் வாசகர், 2024 ஜனவரி 4

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயிலின் பிறந்த நாள் இன்று என்பதால் கேட்கிறேன். ஊனமுற்றோருக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன் நம் பக்கத்தில் பார்வையற்றோரின் உரிமையைப் பேசிய சங்கம் எதுவும் இருந்ததில்லை என்பது என் கருத்து. இருந்தவை எல்லாம் தீபாவளிக்கு வேட்டி சேலை, பள்ளி திறந்தால் நோட்டுப் புத்தகம், ஆண்டுக்கு ஒருமுறை கண் சிகிச்சை முகாம் என்று நடந்தவை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இயங்கிய சங்கமும் அப்படித்தான் என்று, அதன் பழைய குறிப்பேட்டைப் பார்த்த ஒருவர் சொன்னார். என் ஆய்வுக்காகக் கேட்கிறேன். மறுப்பவர்கள் ஆதாரத்துடன் மறுக்கவும்.

2024 ஜனவரி 4, இரவு

மறுக்கிறேன். அந்தச் சங்கத்தில் 1984 கோடையில், இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவன் நான்.

அது வேட்டிக்காகத் தொடங்கப்பட்ட சங்கம் அல்ல. நாற்காலிக் கூலிக்காகத் தொடங்கப்பட்டது. அந்நாளில் அலுவலக நாற்காலிகளின் இருக்கைக்குப் பிரம்பு பின்னுவதும், பிறகு பிளாஸ்டிக் ஒயர் பின்னுவதும்தான் எங்களில் பலருக்குக் கிடைத்த நிச்சயமான வேலை. முப்பது நாற்காலி பின்னிக் கொடுத்தால் இருபத்தாறுக்குத்தான் கூலி வரும். மீதி நான்கும் சரியாக இறுகவில்லை என்ற பெயரில் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இறுக்கம் என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும் என்பதைக் கூலி கொடுப்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார். இதைக் கேட்கத் தனித்தனியாகப் போன ஐந்து பேரும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஐவரும் சேர்ந்து போன அன்று உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த நாற்காலி தாம் பின்னியதுதான் என்று எங்கள் பொருளாளர் கடைசி வரை சத்தியம் செய்தார்.

நீங்கள் சொல்லும் தருமம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டின் முதல் பார்வையற்றோர் பள்ளி 1887இல் அமிர்தசரஸில் கிறித்தவ ஊழியர்களால் தொடங்கப்பட்டது. 1890இல் பாளையங்கோட்டைப் பள்ளி. 1931இல் பூந்தமல்லியில் அரசுப் பள்ளி. அங்கெல்லாம் எழுத்தும் கைத்தொழிலும் கற்றுக் கொடுத்தார்கள், அதற்கு நான் நன்றி மறக்கவில்லை. ஆனால் படித்து முடித்துச் சேலத்துக்குத் திரும்பியவனுக்குப் பிரெயில் தெரியும், அந்தப் பிரெயிலில் அவனுக்கு ஒரு கடிதம் எழுத ஊரில் ஆள் கிடையாது. 1952இல் பம்பாயில் தொடங்கப்பட்ட தேசிய அமைப்பு பார்வையற்றோருக்கானது. 1970இல் தில்லியில் தொடங்கப்பட்ட தேசியக் கூட்டமைப்பு பார்வையற்றோருடையது. நான்காம் வேற்றுமைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைத்தான் செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் நடந்து கடந்தோம். யாரும் எங்களுக்குத் தில்லிச் செய்தியைச் சொல்லவில்லை.

2024 ஜனவரி 6

ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டேன். ஐந்து பேர் இரண்டாம் முறை போக வேண்டிய நாளில் பேருந்து ஓடவில்லை என்பதும், எம்.ஜி.ஆர். காலமான செய்தி கேட்டுக் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கிய சத்தமும் நன்றாக நினைவிருக்கின்றன. அது 1987 டிசம்பர் 24. ஆகவே சங்கம் கூடியது 1987இன் கடைசியில்தான்; அப்போது எனக்கு இருபத்தைந்து. மூன்று ஆண்டு இளமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

2024 ஜனவரி 14

ஆத்தூர்த் தம்பி சொன்ன குறிப்பேடு இப்போது என் வீட்டில் இருக்கிறது. சங்கத்தின் கடைசிச் செயலாளர் வீட்டில் வெள்ளையடித்தபோது வெளியே வந்ததாம். கெட்டி அட்டை போட்ட நீண்ட கணக்கு நோட்டு, மை எழுத்து. போகிக்கு எரித்துவிடாமல் கொடுத்தார்கள். என் அக்கா மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இரண்டு நாளாக அவள் படிக்க நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் பத்து ஆண்டுக்கும் அதை எழுதியவர் எங்கள் கௌரவச் செயலாளர், பார்வையுள்ளவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்களுக்குச் செய்த உதவிக்குக் கணக்கே கிடையாது. மனு எழுதியவர், அலுவலகம் அலுவலகமாக உடன் வந்தவர், சொந்தக் காசில் தபால் தலை ஒட்டியவர். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அன்றைய நடவடிக்கையைச் சுருக்கமாக வாசிப்பார். நாங்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைப்போம். அவர் வாசித்ததும் எழுதியதும் ஒன்றுதானா என்று நாங்கள் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை.

கூலிக் கணக்கைப் பற்றி ஏறக்குறைய ஒரு மணி நேரம் சூடாகப் பேசிய கூட்டம் ஒன்று எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. வெள்ளிப் பட்டறையின் பின்னறை அது. கொலுசு தட்டும் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்ததால் அடுத்த நாள் தொண்டை கட்டிக்கொண்டது. குறிப்பேட்டில் அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வரி இருக்கிறது: "உறுப்பினர்கள் தங்கள் குறைகளைத் தெரிவித்தனர். தலைவர் ஆவன செய்வதாகக் கூறினார்." அதன் கீழே தீபாவளிக்கு வேட்டி சேலை வழங்கிய புரவலர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. என் மருமகள் அதை வாசித்து முடித்துவிட்டு, "மாமா, நீங்கள் சண்டை போட்ட சங்கம் இது இல்லையோ?" என்று கேட்டாள்.

பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய காதுக்கு எங்கள் பேச்சு குறையாகவும் புரவலர் கொடுத்தது செய்தியாகவும் கேட்டிருக்கிறது. ஆக, தம்பி, உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். குறிப்பேட்டின்படி நாங்கள் தருமச் சங்கம்தான்.

2024 ஜனவரி 15

வேறொரு குறிப்பேடும் உண்டு. பொங்கல் அலுவல்களுக்கு நடுவில் இதை மட்டும் சொல்லி வைக்கிறேன், மறந்துவிடுவேன்.

2024 ஜனவரி 28

ஏற்காட்டிலிருந்து ஓர் அண்ணன் மாதந்தோறும் கூட்டத்துக்கு இறங்கி வருவார். மூங்கில் கூடை முடைபவர். ஆரஞ்சுக்கும் காப்பிக்கும் அங்கே கூடை தேவைப்பட்ட காலம் அது. பிரெயில் சிலேட்டும் எழுத்தாணியும் எப்போதும் அவர் பையில் இருக்கும். முதல் சில கூட்டங்களில் அங்கேயே உட்கார்ந்து குத்தி எழுதினார். அந்த டக் டக் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று தலைவர் சொன்னார். கொலுசுப் பட்டறைக்குள் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார் என்பதுதான் வேடிக்கை. அதன் பிறகு அண்ணன் கூட்டத்தில் எழுதியதில்லை. கடைசிப் பேருந்தில் மலையேறி, வீட்டில் அதே இரவு எழுதிவிட்டுத்தான் படுப்பாராம். இது அவர் மறைந்த பிறகு அண்ணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளை உடம்பாலேயே எண்ணுவது என் வழக்கம். இருபதும் சரியாக வந்தன. அண்ணி தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிரெயில் தாள் வாங்க வசதியில்லாமல் பழைய வார இதழ்களின் பளபளப்பான கனத்த தாளில் எழுதியிருக்கிறார், நாங்கள் எல்லோருமே செய்ததுதான். மேலே அச்சில் என்ன விளம்பரம் இருக்கிறதோ தெரியாது, அதன் முதுகைக் குத்திக்கொண்டு எங்கள் கூட்ட நடவடிக்கை ஓடுகிறது.

பிரெயில் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஆறு புள்ளி கொண்ட கட்டத்தில் மேலிருந்து கீழாக இடப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. 1951 வாக்கில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முடிவாகியது. தமிழும் அதன்படிதான் எழுதப்படுகிறது. சிலேட்டில் வலமிருந்து இடமாகக் குத்திவிட்டு, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். அச்சுத் தமிழில் கொம்பு முன்னால் நின்றுகொண்டு எழுத்தைப் பின்னால் வரச் சொல்லும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ககரத்தை அடுத்து எகரம் வந்தால் 'கெ', அவ்வளவுதான். மாறாக, மெய்யெழுத்தின் புள்ளி எங்களுக்கு எழுத்துக்கு முன்பே வந்துவிடும்: நான்காம் புள்ளி தனியாக விரலில் பட்டால், அடுத்து வருவது மெய் என்று பொருள்.

மலையின் ஈரம் அந்தத் தாள்களைப் பாதி தின்றுவிட்டது. பனிமூட்டத்தில் தாள் ஊறி மெத்தென்று ஆகும்போது குத்திய புள்ளி உள்ளே அமிழ்ந்துவிடும். மேலே இருந்த தாள்கள் நன்றாகப் படிக்கின்றன. அடியில் இருந்தவை மழுங்கிய பல் போல இருக்கின்றன. சில பக்கங்களில் என் விரலுக்கு ஒன்றுமே அகப்படவில்லை.

2024 பிப்ரவரி 3

எழுத்துப் பிழைகளைச் சுட்டியவருக்கு: பாதியைக் கைபேசியில் பேசித்தான் எழுதுகிறேன். நான் "பார்வையற்றோர்" என்று சொன்னதை அது "பார்வை பெற்றோர்" என்று எழுதியது. ஒரு நொடியில் எல்லோருக்கும் சிகிச்சை முடிந்துவிட்டது.

2024 பிப்ரவரி 4

படித்த வரையில் சில. கூலிக் கூட்டம் அண்ணனின் குறிப்பில் நான்கு பக்கம். யார் யார் எத்தனை நாற்காலி பின்னினார்கள், எத்தனைக்குக் கூலி வரவில்லை என்பது எண்களோடு இருக்கிறது. நான் பேசியதும் இருக்கிறது. என் நினைவில் இருந்ததைவிட நீளமாகவும், நேர்மையாகச் சொன்னால், அவ்வளவு அறிவாளித்தனமில்லாமலும் இருக்கிறது.

முதல் குறிப்பில் "ஐந்து பேர்" என்று ஆண்களை நினைத்துக்கொண்டு எழுதினேன். அண்ணனின் பட்டியலில் ஐந்தாவதாக இருப்பவர் ஓர் அக்கா. சேலத்தில் குகை என்ற பகுதியைச் சேர்ந்தவர், பள்ளியில் எங்கள் எல்லோரையும்விட அதிக வகுப்பு படித்தவர், ஒயர் பின்னலில் அவருடைய விரலுக்கு ஈடு கிடையாது. அவர் வந்ததை நான் எப்படி மறந்தேன் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். மறந்தது மட்டும் என்றால் வயதின் மேல் பழி போடலாம். வேறொரு கூட்டத்தின் குறிப்பு இப்படி இருக்கிறது: "நிர்வாகக் குழுவில் பெண்கள் ஏன் இல்லை என்று அக்கா கேட்டார். ஒருவரும் பேசவில்லை. பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது."

அந்த ஒருவரும் பேசாதவர்களில் நானும் இருந்தேன். கௌரவச் செயலாளர் எங்கள் குரலை இரண்டு வரியாக்கினார் என்று மூன்று வாரத்துக்கு முன் வருத்தப்பட்டு எழுதியவன், அக்காவின் கேள்விக்கு அந்த இரண்டு வரி கூட இல்லாமல் செய்திருக்கிறேன். செயலாளர் மையில் எழுதிய குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தைத் தேடிப் படிக்கச் சொன்னேன்; அந்தக் கேள்வி அதில் இல்லவே இல்லை.

2024 பிப்ரவரி 6

அண்ணனின் குறிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது (எங்களுக்கு எளிதான வேலைதான்). அவர் எழுதியது நினைவிலிருந்து, மலையேறிய களைப்போடு. ஒரு பக்கத்தில் நாற்காலிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன், மூன்று குறைகிறது. தலைவரின் பேச்சை அவர் எப்போதும் ஒரே சொல்லில் முடிக்கிறார்: "சமாளித்தார்." கோபம் இருந்திருக்கிறது.

2024 பிப்ரவரி 11

1995 சட்டத்தைப் பற்றித் தம்பி மறுபடியும் கேட்டிருக்கிறார். இந்த இடத்தில் என் முதல் மறுப்பைக் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கிறது.

சட்டத்துக்கு முன் உரிமைக் குரலே இல்லை என்பது நாடளவில் தவறு என்பதில் மாற்றமில்லை. குடிமைப் பணித் தேர்வைப் பார்வையற்றவர்கள் பிரெயிலிலோ, சொல்வதை எழுதும் ஒருவரின் துணையோடோ எழுத அனுமதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1993 மார்ச்சில். வழக்குப் போட்டது மேலே சொன்ன தேசியக் கூட்டமைப்பு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1996 பிப்ரவரியில்தான். குரல் முன்னே, சட்டம் பின்னே.

ஆனால் சேலத்தில் எங்கள் மனுக்களை வரிசையாக வாசிக்கச் சொல்லிக் கேட்டபோது எனக்குக் கூச்சமாகிவிட்டது. 1995க்கு முந்திய மனு ஒவ்வொன்றும் "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்றுதான் தொடங்குகிறது. கூலி நம்முடையது, கேட்பதோ கருணை. எழுதியவர் செயலாளர் என்று தப்பிக்க முடியாது. இந்த வாசகத்தை வாயால் சொல்லி எழுதச் சொன்ன நாட்களும் உண்டு. 1997க்குப் பிறகான மனுக்களில் அந்த முதல் வரி மெல்ல மாறுகிறது. "சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி" என்று தொடங்கும் முதல் மனுவை நாங்கள் ஏழெட்டுப் பேர் மனப்பாடம் செய்துகொண்டு, திங்கட்கிழமை மனு நாளில் ஆளுக்கு ஒரு பத்தியாகச் சொல்லத் தயாராகப் போனோம். அரசுப் பணியில் மூன்று விழுக்காடு, அதில் ஒரு விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும் என்பது அந்தப் பிரிவு. அந்த எண்ணை உச்சரிக்கும்போது நிமிர்ந்து நிற்கத் தோன்றியது உண்மை. எண் கையில் கிடைத்தவுடன் வேலை கிடைத்துவிடவில்லை. எந்தப் பதவி பொருத்தமானது என்று அடையாளம் காண்பதிலேயே ஆண்டுகள் போயின, இட ஒதுக்கீட்டை மொத்தக் காலிப் பணியிடங்களைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்பதற்கு 2013 அக்டோபர் வரை உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் மொத்தம் நான்கு விழுக்காடு, பிரிவு 34. எங்கள் பங்கு அதே ஒரு விழுக்காடுதான்.

ஆகவே தம்பியின் கருத்தைப் பாதி ஏற்கிறேன். கேட்டது முன்பே, கேட்கும் மொழியைக் கொடுத்தது சட்டம்.

2024 பிப்ரவரி 12

மேலே "பாதி" என்று எழுதியது தாராளம். கால்வாசி.

2024 பிப்ரவரி 25

சங்கத்தின் பெயர் மாறிய கதையைக் கேட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் பெயரில் "குருடர்" என்ற சொல் இருந்தது, அதை நாங்களே வைத்தோம், எங்களுக்குள் யாருக்கும் வருத்தமில்லை. பதிவுக்குப் போனபோது "பார்வையற்றோர்" ஆனது. 2010 வாக்கில் அரசு "ஊனமுற்றோர்" என்ற சொல்லை விட்டு "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லை ஏற்றதும், இளைஞர்கள் சங்கத்தின் பெயரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். பொதுக்குழுவில் இரண்டு மணி நேரம் சண்டை. என்னிடம் அப்படி என்ன மாற்றுத் திறன் இருக்கிறது, எனக்குக் கண் தெரியாது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம் என்று பொருளாளர் கேட்டார். அக்கா எழுந்து, குருடி என்று தெருவில் கூப்பிடப்பட்டது உங்களுக்கு நடந்ததில்லை, எனக்கு நடந்தது, அதனால் எந்தச் சொல்லானாலும் அதைவிட நல்லது என்றார். இம்முறை எல்லோரும் பேசினோம். வாக்கெடுப்பில் புதிய பெயர் நான்கு வாக்கில் வென்றது. புது ரப்பர் முத்திரைக்குப் பணம் இல்லாததால் பழைய பெயரிலேயே இரண்டு ஆண்டு முத்திரை குத்தினோம்.

2024 மார்ச் 3

எத்தனை பேர் உறுப்பினர், மாவட்டத்தில் எத்தனை பார்வையற்றோர் என்ற கேள்விக்கு: உறுப்பினர் உச்சத்தில் நூற்றுக்குச் சற்று மேல். மற்றதற்கு எங்களாலும் பதில் சொல்ல முடிந்ததில்லை. அதிகாரிகள் முதலில் கேட்பதோ அதைத்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1931 வரை பார்வையற்றோரை எண்ணினார்கள். 1941 முதல் 1971 வரை எண்ணவில்லை. 1981இல் முழுப் பார்வையின்மையை மட்டும் கேட்டார்கள், 1991இல் மறுபடியும் விட்டுவிட்டார்கள். 2001இல் நாடு முழுவதும் ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்குப் பார்வைக் குறைபாடு என்று வந்தது. 2011இல் அது ஐம்பது லட்சமாகச் சுருங்கியது. பத்தாண்டில் பாதிப் பேருக்குக் கண் தெரிந்துவிடவில்லை, வரையறையும் கேள்வியும் மாறின. நீங்கள் எத்தனை பேர் என்று கேட்பவரிடம், எங்களை எண்ண வேண்டியவர்கள் நீங்கள் அல்லவா என்று சொல்ல எனக்கு முப்பது ஆண்டு ஆயிற்று.

2024 மார்ச் 10

கணினி வந்த பிறகு மை எழுத்துக்கும் பிரெயிலுக்கும் இடையிலான சண்டை தீர்ந்துவிட்டதா என்ற கேள்வி நல்ல கேள்வி. தீரும் என்றுதான் நம்பினோம். திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைபடிப்பான்களில் ஒன்று என்விடிஏ. அது 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவரால் தொடங்கப்பட்டு இலவசமாகக் கிடைத்தபோது, சங்கத்தில் கணினி தெரிந்த இரண்டு பேர் மற்றவர்களுக்கு மாலையில் வகுப்பு எடுத்தார்கள். அதற்குள் வேறு வில்லங்கம் வந்தது. எங்கள் மனுவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் பதில் வந்தது என்று மகிழ்ந்து கோப்பைத் திறந்தால், திரைபடிப்பான் "எம் கே செமிகோலன் கே ஹெச்" என்று வாசித்தது. பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்தார்கள். கண்ணுக்கு அது "அம்மா", கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010இல் ஆணை வெளியிட்டது. அந்த ஆணையின் படியைக் கோப்போடு இணைத்து, ஒருங்குறியில் பதில் வேண்டும் என்று எழுதினோம். அடுத்த பதிலைத் தாளில் அச்சிட்டு, கையெழுத்திட்டு, படமாக எடுத்து அனுப்பினார்கள். திரைபடிப்பான் ஒன்றும் சொல்லாமல் இருந்தது. பதில் என்ன என்று தெரிந்துகொள்ள மறுபடியும் ஒரு கண் தேடிப் போனோம்.

2024 மார்ச் 17

பொருளாளரைப் பற்றி ஒரு குறிப்பு, அவர் இருந்தால் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். பார்வையற்ற ஒருவர் பணத்தைக் கையாளக் கூடாது என்று ஒரு வங்கிக் கிளையில் சங்கத்துக்குக் காசோலைப் புத்தகம் தர மறுத்தார்கள். பார்வையுள்ள ஒருவர் கூட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4 அன்று, காசோலை, ஏடிஎம், பெட்டகம் எதையும் பார்வையற்றோருக்கு மறுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அதன் நான்கு படிகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அவர் நடமாடினார், ஒன்றை அந்தக் கிளையில் கொடுத்தார், மூன்றை மற்ற உறுப்பினர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ரூபாய் நோட்டை அளந்து பார்த்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 2016க்குப் பிறகு வந்த நோட்டுகள்தான் அவரைச் சற்றுத் தடுமாற வைத்தன. பழைய ஐந்நூறு 167 மில்லிமீட்டர் நீளம், புதியது 150. புதிய நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. ஒன்றுக்கொன்று நான்கு மில்லிமீட்டர்தான் வேறுபாடு, அகலம் மூன்றுக்கும் 66. ஓரத்தில் மேடாக அச்சிட்ட கோடுகள் நூறிலும் இருநூறிலும் நான்கு, ஐந்நூறில் ஐந்து. நோட்டு நாலு கை மாறியதும் அவை தேய்ந்துவிடும். அவர் ஓர் அட்டையில் மூன்று வெட்டுப் போட்டு அதில் நோட்டைப் பொருத்தி அளந்தார். 2020 தொடக்கத்தில் நோட்டை அடையாளம் சொல்லும் கைபேசிச் செயலியை ரிசர்வ் வங்கி வெளியிட்டபோது அதையும் போட்டுக் கொடுத்தோம். செயலி ரூபாயை உரக்கச் சொல்கிறது, பழைய பேருந்து நிலையத்தில் அதைப் பயன்படுத்த எனக்குப் பைத்தியமா என்று கேட்டுவிட்டு அட்டைக்கே திரும்பினார்.

2024 ஏப்ரல் 19, மாலை

இன்று வாக்களித்துவிட்டு வந்தேன். வாக்கு இயந்திரத்தில் பொத்தானுக்கு அருகே பிரெயில் எண் இருக்கிறது. வேட்பாளர் பட்டியலைப் பிரெயிலில் கேட்டு வாங்கிப் படித்தேன், தனியாகவே அழுத்தினேன். அதன் பிறகு ஏழு நொடி கண்ணாடிக்குள் சீட்டு தெரியும் என்றார்கள். எனக்கு இயந்திரம் முனகுவது மட்டும் கேட்டது. அழுத்தியதுதான் விழுந்ததா என்று உறுதிசெய்யும் அந்த ஏழு நொடி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. தேர்தல் நடத்துவதற்கான விதிகளில் 49N என்ற விதியின்படி, பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம், அவர் ஒரே நாளில் ஒருவருக்கு மேல் துணை போகக் கூடாது. வாக்குச்சீட்டுக் காலத்தில் எங்களுக்கும் துணைதான் ஒரே வழி. அண்ணனின் குறிப்பில், 1989 தேர்தலுக்கு முந்திய கூட்டத்தில் அக்கா சொன்னது இருக்கிறது: "என் வாக்கை என் தம்பி போடுகிறான், அவன் யாருக்குப் போட்டான் என்று இதுவரை எனக்குச் சொன்னதில்லை. தனியாகப் போட ஏற்பாடு கேட்க வேண்டும்." மையில் எழுதிய குறிப்பேட்டில் அதே கூட்டம்: "தேர்தல் நாளன்று உறுப்பினர்களுக்கு வாகன வசதி செய்து தருமாறு கோரப்பட்டது." வாகனம் வந்தது. நானும் ஏறிப் போனேன்.

2024 ஏப்ரல் 28

தம்பி நேரில் வந்திருந்தார். இரண்டு குறிப்பேட்டையும் பக்கத்துக்குப் பக்கம் எதிரெதிரே வைத்துத் தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒருங்குறியில்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

மழுங்கிய பக்கங்களை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தோம். நேற்று இரவு மின்சாரம் போனபோது என் மருமகள் கைபேசி விளக்கை மேசை மேல் சாய்த்து வைத்தாளாம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும், தாளில் நிழல் நிழலாகப் புள்ளி தெரிகிறது என்று கூவினாள். நான் தடவிப் பார்த்தேன், வழவழப்பு மட்டும்தான். அவளுக்குப் பிரெயில் தெரியாது. கட்டத்தில் எந்த எந்த இடத்தில் நிழல் இருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

"இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து."

த.

"அடுத்தது நான்கு மட்டும்."

மெய் வருகிறது, மேலே சொல்.

"ஒன்றைத் தவிர எல்லாம்." ட். "மறுபடியும் அதுவே." ட. "ஒன்று, மூன்று, ஆறு." உகரம்.

ஒரு வரிக்கு இருபது நிமிடம் ஆனது. கூட்டம் முடிந்த பிறகு, நம் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட் ஒன்பது வாங்கியிருக்கிறார்கள், காசு கொடுத்தது அக்கா.

இன்று அந்தப் பக்கத்தின் இரண்டாம் வரியைத் தொடங்குகிறோம்.